முப்பது மீட்டரில் தவறிய பள்ளம்: அப்பல்லோ 14 படங்களோடு என் அனுபவம்

சந்திரப் படங்கள் என்றால் புவி உதயமும் காலடித் தடமும்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அப்பல்லோ 14 பயணத்தில் எடுத்த வெறும் சரிவும் பாறையுமான படங்களை.

1971 பிப்ரவரியில் நிலவின் ஃபிரா மௌரோ பகுதியில் இறங்கிய ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும், இரண்டாவது நடையில் ஒரு கைவண்டியை இழுத்துக்கொண்டு கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். 300 மீட்டருக்கு மேல் அகலமுள்ள பள்ளம், கண்ணில் படவே இல்லை! ஒரு மேடு ஏறினால் அடுத்த மேடு. மூச்சு வாங்குகிறது, நேரம் கரைகிறது. கடைசியில் திரும்பிவிட்டார்கள்.

படங்களை முழு அளவில் பார்த்தபோதுதான் அவர்கள் பட்ட பாடு புரிந்தது. இங்கே தூரத்து மலை நீலம் பாய்ந்து மங்கலாகத் தெரியும். அங்கே காற்றே இல்லை. பக்கத்துக் கல்லும் தொலைவில் கிடக்கும் பெரும்பாறையும் ஒரே கூர்மையோடு நிற்கின்றன. அளவு பார்க்க ஒரு மரம்கூட இல்லை.

அப்புறம், 2009இல் ஏவப்பட்டு நிலவைச் சுற்றிவந்த நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தேன். அவர்கள் நடந்த தடம் மெல்லிய கோடாகத் தெரிகிறது. விளிம்புக்குச் சுமார் 30 மீட்டர் வரை போயிருக்கிறார்கள். “இன்னும் கொஞ்சம் போங்கய்யா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மனசு கேட்கவில்லை. ஆனால் ஆய்வுக்குப் பெரிய நஷ்டமில்லை. பள்ளம் உண்டானபோது ஆழத்திலிருந்து வீசப்பட்ட கற்கள் அங்கேயே சிதறிக் கிடந்தன. சுமார் 9 கிலோ எடையுள்ள ‘பிக் பெர்த்தா’ கல்லும் அந்தப் பக்கத்தில் எடுத்ததுதான்.

வளர்பிறை நவமி, தசமி வாக்கில் சிறிய தொலைநோக்கி இருந்தாலே ஃபிரா மௌரோவைப் பார்க்கலாம். கோபர்நிக்கஸ் பள்ளத்துக்குத் தெற்கே தேடுங்கள். கோன் பள்ளம் தெரியாது, ரொம்பச் சின்னது.

ஒரு வாசகரின் பதில்:

இதே குழப்பத்தை நான் வீடியோவிலேயே பார்த்தேன். 1972 ஏப்ரல், அப்பல்லோ 16. ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் வடக்குக் கதிர்ப் பள்ளத்தருகே ஒரு பாறையை நோக்கி நடக்கிறார்கள். ஏதோ பக்கத்தில் கிடக்கும் கல் என்றுதான் நினைத்தேன். போகப் போக அவர்கள் சிறுத்துக்கொண்டே போகிறார்கள், பாறை பெருத்துக்கொண்டே போகிறது. கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரமாம்! ‘ஹவுஸ் ராக்’ என்று தேடினால் கிடைக்கும். அவர்கள் பேசிக்கொள்வதையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களுக்கே அந்த அளவு நம்ப முடியவில்லை.