சோபாவைப் பிறாண்டும் பூனை: நகத்தை எடுப்பதா, வீட்டை மாற்றுவதா?

திருப்பூர் பனியன்காரன்:
வணக்கமுங்க. தை மாதம் மகளுக்கு நிச்சயம். அதற்காக ஆசாரத்துக்கு, அதாவது ஹாலுக்கு, புதுத் துணி சோபா வாங்கிப் போட்டோம். பையன் வளர்க்கும் பூனை ஒரு பக்கக் கைப்பிடியை நார் நாராகக் கிழித்து வைத்திருக்கிறது. விரட்டினால் ஓடுகிறது, நாம் நகர்ந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், "நகத்தையே எடுத்துவிடலாம், ஒரே ஆபரேஷன்" என்கிறார். பக்கத்து வீட்டம்மா சோபாவில் நீலகிரித் தைலம் தடவச் சொல்கிறார். பூனையைக் கொண்டுபோய் எங்காவது விட எங்களுக்கு மனசில்லை. ஆபரேஷன் செய்யலாமா?

காங்கேயம் தோட்டத்துக்காரன்:
ஆபரேஷன் வேண்டாமுங்க, பாவம். ஆனால் பூனையை எதற்கு வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டும்? எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் எப்போதும் பூனை உண்டு. மாட்டுக் கட்டுத்தரைக்குப் பக்கத்து வேப்பமரத்தில்தான் நகம் தீட்டும், அடிப்பட்டை முழுக்கக் கோடாக இருக்கும். தவிட்டு மூட்டையில் எலி வாய் வைக்காது. மரம் ஏறுகிற உயிரைச் சிமெண்ட் தரையில் வைத்தால் அது சோபாவைத்தான் மரமென்று பிடிக்கும். வெளியே பழக்குங்கள், சோபா தப்பிக்கும்.

கோவை பூனையம்மா:
முதலில் ஆபரேஷன் பேச்சை முடித்துவிடலாம். அதில் வெட்டுவது நகத்தை மட்டும் அல்ல. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது, அதனால் அந்த எலும்போடு சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். முன்னங்கால் ஒன்றுக்கு ஐந்து விரல், இரண்டுக்கும் பத்து எலும்பு. அதன்பின் நடப்பதே வலியாகிப்போன பூனைகள் உண்டு. மணலில் கால் வைக்க வலித்து, மலத்தொட்டியை விட்டு வீட்டுக்குள் கண்ட இடத்தில் போகும். நகம் இல்லாததால் கடிக்கப் பழகும். சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது, பிரிட்டனில் 2006 சட்டப்படி இது கூடாது. அமெரிக்காவிலேயே நியூயார்க் மாநிலம் 2019-ல் தடை போட்டது. நம் நாட்டிலும் விலங்கை ஊனப்படுத்துவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம்.

நீலகிரித் தைலத்தையும் தொடாதீர்கள். பூனை தன் காலை நக்கும், தைலம் வயிற்றுக்குள் போகும், அது அதற்கு விஷம். கற்பூரமும் அந்துருண்டையும் அப்படித்தான்.

தோட்டத்து அண்ணா, உங்கள் வேப்பமரம் சரிதான். ஆனால் திருப்பூரில் சந்துக்குச் சந்து தெருநாய், வாசலைத் தாண்டினால் லாரி. அங்கே வெளியே விடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மரத்தை உள்ளே கொண்டு வர வழி இருக்கிறது, கயிறு சுற்றிய ஒரு பிறாண்டும் தூண் வையுங்கள்.

ஈரோடு சோபா தையற்காரன்:
நான் சோபாவுக்குத் துணி மாற்றுகிற தொழிலில் இருப்பவன். கைப்பிடி கிழிந்து வருகிற வேலையில் பூனை வீடுகள் நிறைய. அந்த வீடுகளில் தூணும் இருக்கும், மூலையில் புதுசாக, ஒரு கீறல் இல்லாமல். அதனால் தூணை நான் நம்புவதில்லை.

நான் சொல்வது துணி. நகம் மாட்டிக் கொள்ள நூல் வளையம் இருந்தால்தான் பூனைக்கு அங்கே பிடிப்பு. சணல் மாதிரித் தெரியும் முரட்டு நெசவும், லினன் என்று விற்கிற தளர்ந்த நெசவும் இழுக்க இழுக்கக் கையோடு வரும். நெருக்கமாக நெய்த, குட்டை முடி வெல்வெட்டில் நகம் வழுக்கிவிடும். ரெக்சின் வேண்டாம், ஒரு ஓட்டை விழுந்தால் அங்கிருந்தே கிழிந்து போகும். கைப்பிடிக்கு மட்டும் துணி மாற்றினாலும் போதும்.

கோவை பூனையம்மா:
தம்பி, துணி விஷயத்தில் நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துணியை மாற்றினால் சோபாதான் தப்பிக்கும். பூனை கதவு நிலைக்கோ, மெத்தைக்கோ, பவானி ஜமுக்காளத்துக்கோ போகும். பிறாண்டாமல் அதற்கு முடியாது. நகத்தின் பழைய மேலுறை கழன்று விழ வேண்டும், தூங்கி எழுந்ததும் முதுகை நீட்டி முறிக்க வேண்டும், பாதத்தில் இருக்கும் சுரப்பியின் வாசனையை வைத்து "இது என் இடம்" என்று சொல்ல வேண்டும். அதனால்தான் ஆள் வந்து உட்காரும் சோபாவையே பிடிக்கிறது. யாரும் போகாத மூலையில் வைத்த தூண் அதற்கு எதற்கு?

நீங்கள் பார்த்த தூண்கள் மூலையில் இருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று, கடைத் தூண் பலதும் குட்டை. பூனை பின்னங்காலில் நின்று முழுசாக நீளும் உயரம் வேண்டும், மூன்றடியாவது. ஒருமுறை ஆடினாலும் பிறகு கிட்டே வராது, அடிப்பலகை அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தூண்களில் சுற்றியிருப்பது ஒருவகைக் கற்றாழை நார்க் கயிறு. அது கிடைக்காவிட்டால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்க் கயிறு இருக்கிறது. இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றி, கிழிந்த கைப்பிடிக்கு ஒட்டியே வையுங்கள். கைப்பிடியில் இருபக்கமும் ஒட்டும் டேப் போடுங்கள், பாதத்தில் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது. தூணில் பிறாண்டினால் உடனே ஒரு துண்டு மீன் கொடுங்கள். அடிக்காதீர்கள், அடித்தால் உங்களுக்குப் பயந்து நீங்கள் இல்லாத நேரத்தில் பிறாண்டும், அவ்வளவுதான்.

குப்பைமேனி வேரைப் பிடுங்கிக் கழுவித் தூணில் தேய்த்தும் பார்க்கலாம். அந்த வாசனைக்குப் பூனை மயங்கி உருளும்.

காங்கேயம் தோட்டத்துக்காரன்:
அம்மிணி, நாய் பயம் நியாயம்தான். ஆனால் தூண், டேப், மீன் என்று இத்தனை ஏற்பாடு செய்தும் அந்த ஜீவன் ஒரு பல்லியையாவது துரத்துமா? எலி பிடிக்காமல், வெயில் காயாமல் சும்மா கிடப்பதால்தான் இப்படிப் பிறாண்டுகிறது. மொட்டை மாடியாவது திறந்து விடுங்கள், வலை கட்டி.

கோவை பூனையம்மா:
வலை கட்டிய மாடி என்றால் எனக்குச் சம்மதம். அதோடு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நக நுனியை வெட்டிவிடுங்கள். பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே ரோஸ் நிறத்தில் தெரிவது ரத்தக்குழாய், அதைத் தொடாமல் முன்னால் இருக்கும் கூர்நுனியை மட்டும் வெட்ட வேண்டும்.

திருப்பூர் பனியன்காரன்:
எல்லோருக்கும் நன்றிங்க. ஆபரேஷன் கிடையாது என்று பையனிடம் சொல்லிவிட்டேன். தைலத்தையும் எடுத்து வைத்தாயிற்று. நக நுனி வெட்டப் பையன் ஒப்புக்கொண்டான். ஆனால் ஆசாரத்தின் நடுவில் கயிறு சுற்றிய கட்டையா என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார். நிச்சயத்துக்கு ஆட்கள் வரும்போது மட்டும் எடுத்து உள்ளே வைக்கலாமா? கைப்பிடித் துணியை இப்போதே மாற்றலாமா?

ஈரோடு சோபா தையற்காரன்:
இப்போது மாற்றாதீர்கள். அக்கா சொன்ன தூணை முதலில் வைத்துப் பாருங்கள். பூனை அதற்குப் போகிறதென்றால், நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால் கைப்பிடியைப் பிரித்து வெல்வெட் போடலாம். போகவில்லை என்றாலும் அதே வெல்வெட்தான். தூணை நம்புகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

கோவை பூனையம்மா:
ஒருநாள் எடுத்து வைப்பதில் தவறில்லை, பூனை இருக்கும் அறைக்குள்ளேயே வையுங்கள். விருந்தாளிகள் போனதும் பழைய இடத்துக்கே வந்துவிட வேண்டும். நிரந்தரமாக நகர்த்துவதென்றால் பூனை நன்றாகப் பழகிய பிறகு, நாளுக்கு ஒரு சாண் அளவு நகர்த்துங்கள்.