பாமினி எழுத்தில் உள்ள அப்பாவின் குறிப்புகளை வலைப்பூவில் ஏற்ற முடியவில்லை, உதவி தேவை

கால்வாய்க்கரை (கேட்பவர்)

வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா விவசாயி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் புழங்கும் சொற்களை வருஷக்கணக்காக நோட்டில் எழுதி வந்தார். மறுகால் (குளம் நிரம்பி வழியும் தண்ணீர்), மடை, கார், பிசானம் (இரண்டும் நெல் பருவங்கள்) என்று ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கமாவது இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி நோட்டெல்லாம் கூழாகிவிட்டது. முன்பே பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் அடித்து வாங்கிய வேர்டு கோப்பு மட்டும் பென்டிரைவில் மிச்சம். நாற்பது பக்கம்.

அதை வலைப்பூவாகப் போட பிளாக்கரில் கணக்குத் தொடங்கினேன். வேர்டில் தமிழாகத் தெரிவது, அங்கே ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. எழுத்துரு பாமினி. கம்ப்யூட்டரில் பாமினி இருக்கிறது, ஆனாலும் சரியாகவில்லை. கோப்பே கெட்டுப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை டிடிபி

பயப்படாதீங்க தங்கச்சி, கோப்பு நல்லாத்தான் இருக்கு. இருபது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருவார்கள்.

பாமினியில் அடித்த கோப்புக்குள் தமிழே கிடையாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துரு அவற்றின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுகிறது. எழுத்துரு மாறியதும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. உங்கள் கம்ப்யூட்டரில் பாமினி இருந்து பயனில்லை, படிக்கிறவர் கைபேசியில் இருக்காதே. யாராவது மறுகால் என்று தேடினாலும் உங்கள் பக்கம் அகப்படாது.

அதனால் முதலில் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்துமுறைக்கு, மாற்ற வேண்டும். அதற்கான கருவிகள் என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் இரண்டும் இலவசம். பாமினியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். நாற்பது பக்கத்தையும் ஒரே மூச்சில் போட வேண்டாம், ஒரு சொல்லுக்கான குறிப்பை மட்டும் எடுத்து மாற்றிப் படித்துப் பாருங்கள். அசல் கோப்பில் கை வைக்காதீர்கள். அதை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மாற்றியதை பிளாக்கரில் ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டும் போகும், வேர்டின் அலங்காரம் ஒட்டிக்கொண்டு போகாது.

கால்வாய்க்கரை

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. மறுகால் குறிப்பை மாற்றிப் பார்த்தேன், தமிழ் வந்துவிட்டது! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் இரண்டு பிழை. ‘பௌர்ணமி’ என்ற சொல்லில் கொம்புக்கும் பகரத்துக்கும் பிறகு தனி ளகரம் நிற்கிறது. பொதுப்பணித் துறையின் பெயரைச் சுருக்கி ஆங்கிலத்தில் அடித்த இடத்தில் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகள் வந்திருக்கின்றன.

வண்ணாரப்பேட்டை டிடிபி

இரண்டும் வழக்கமாக வருவதுதான். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டு, பின்னால் ளகரத்தை அடிப்போம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கன்வர்ட்டர் அதை எகரக் கொம்பும் ளகரமும் என்றே எடுத்துக்கொள்கிறது. மௌனம், கௌரவம், பௌர்ணமி போன்ற சொற்களைத் தேடி நீங்களே திருத்த வேண்டும். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று கொடுத்துவிடாதீர்கள், வெள்ளம், தெளிவு எல்லாம் சேர்ந்து கெட்டுப்போகும்.

ஆங்கிலச் சொல்லையும் கன்வர்ட்டர் பாமினி என்றே நினைத்துவிடும். அந்த இடங்களை அசல் கோப்பைப் பார்த்துக் கையால் அடிப்பது ஒன்றுதான் வழி.

முக்கூடல் வாசகி

அக்கா, முதல் பதிவை வெளியிடும் முன் இன்னொன்று பாருங்கள். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாக்கர் அந்தப் பக்கத்தின் முகவரியில் தலைப்பைச் சேர்க்காது. ‘பிளாக்-போஸ்ட்’ என்று மொட்டையாக வைத்து, அடுத்தடுத்த பதிவுகளுக்குப் பின்னால் எண் ஒட்டும். எனக்கு அறுபது பதிவுக்குப் பிறகுதான் இது தெரிந்தது, எந்த முகவரி எந்தப் பதிவு என்று எனக்கே தெரியவில்லை. எழுதும் பக்கத்தின் வலப்புறம் பெர்மாலிங்க் என்று இருக்கும். அதில் மறுகால் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு வெளியிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்ற நினைத்தால் பதிவை மறுபடி வரைவாக்க வேண்டும். அதற்குள் பழைய முகவரியை யாருக்காவது அனுப்பியிருந்தால் அது வேலை செய்யாது.

அமைப்புகளில் நேர மண்டலத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அம்பை இளைஞர்

சொந்தமாக ஒரு டொமைன் (இணைய முகவரி) வாங்கி வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் போட்டால் பார்க்க இன்னும் நன்றாக இருக்குமே? அதில் முகவரியிலும் தமிழ் வரும்.

முக்கூடல் வாசகி

தமிழ் வரும் தம்பி. ஆனால் அதைப் பிரதி எடுத்து அனுப்பினால் பல இடங்களில் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல் மட்டுமே 45 குறி. அதோடு சொந்த இடம் என்றால் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும், மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருஷம் மறந்தால் பக்கம் போய்விடும். ஒருமுறை வெள்ளத்தில் போன குறிப்புகளுக்கு இன்னொரு ஆபத்து வேண்டாம் என்பது என் எண்ணம். பிளாக்கர் தரும் இலவச பிளாக்ஸ்பாட் முகவரியே இப்போதைக்குப் போதும். பின்னால் டொமைன் வாங்கி இணைத்தாலும், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் பிளாக்கரே புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். அக்கா, மாதம் ஒருமுறை அமைப்புகளில் காப்புப் பிரதி எடுங்கள். படங்களின் அசலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கால்வாய்க்கரை

நேற்று ராத்திரி ‘மறுகால்’ பதிவை வெளியிட்டுவிட்டேன். முகவரியைச் சரியாக வைத்தேன். குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்காரர்களுக்கு எப்படித் தெரிவிப்பார்கள் என்று அப்பா எழுதியிருந்த பகுதியைத்தான் முதலில் போட்டேன். அண்ணாச்சி சொன்னபடி கோப்பை என் தம்பிக்கும் அனுப்பி வைத்தாயிற்று.

அப்பா கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தார். டிடிபிக்குப் போகாத ஒரு நோட்டும் வெள்ளத்தில் போயிருக்கிறது. அதில் இருந்த சொற்களை இப்போது அவர் சொல்லச் சொல்ல நான் நேராக யூனிகோடிலேயே அடிக்கிறேன். தூம்பு முடிந்தது, இன்று கலுங்கு.