மணிக்கூட்டில் நாலு: நான்கு கோடா, ‘ஐவி’யா?

இரணைமடுத்_தண்ணி:
தரம் 6 படிக்கிற மகள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் கீறினாள். அதில் ரோமன் எண்ணில் நாலுக்கு நான்கு கோடு, ஐஐஐஐ. ரீச்சர் புள்ளடி போட்டு ‘ஐவி’ என்று திருத்தியிருக்கிறா. கிளிநொச்சி ரவுனில் வாங்கிய மணிக்கூடு பிழையா, ரீச்சர் பிழையா? (போனில் தமிழ் எழுத்துத்தான் இருக்கு. ஐ, வி, எக்ஸ் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.)

வவுனியாக்_கணக்கு:
ரீச்சர் சரி. ஒரே எழுத்து மூன்று தரத்துக்கு மேல் அடுத்தடுத்து வராது. சின்னது முன்னால் நின்றால் கழிக்க வேணும்: வி 5, முன்னால் ஐ, ஆக 4. அதுவும் கண்டபடி கழிக்க ஏலாது. ஐயை (1) வி, எக்ஸ் (10) இரண்டிலிருந்து மட்டும். எக்ஸை எல் (50), சி (100) இரண்டிலிருந்து மட்டும். 99ஐ ‘ஐசி’ என்று எழுதுகிற பெரிய பிள்ளைகளே இருக்கினம்! 90ஐயும் 9ஐயும் தனித்தனியே எழுத வேணும்: எக்ஸ்சி, ஐஎக்ஸ்.

மாங்குளம்_சந்தி:
சேர், ரோமரே அந்த விதியை எப்போதும் பார்க்கவில்லையே. ரோமில் இருக்கிற பழைய அரங்கு, கொலோசியத்தின் 54ஆம் வாசலில் எல்ஐஐஐஐ என்றுதான் வெட்டியிருக்கு. இரண்டு விதமாகவும் எழுதினார்கள், விதி இறுகியது பிறகுதான். மணிக்கூடு செய்கிறவர்கள் பழசை விடவில்லை. எதிர்ப்பக்கம் 8, விஐஐஐ என்று அகலமாக நிற்பதால், இந்தப் பக்கமும் நான்கு கோடு இருந்தால் முகம் சரிசமமாகத் தெரியும் என்பார்கள்.

வவுனியாக்_கணக்கு:
லண்டன் பிக் பென்னில் ஐவிதான். அது என்ன, சரிந்தா தெரிகிறது?

முல்லைக்_கரை:
எங்கட பழைய தமிழ் எண்ணில் இந்தக் கழித்தல் தலையிடியே இல்லை. ௪ 4, ௰ 10, ௱ 100. 40 என்றால் ௪௰, 400 என்றால் ௪௱. முன்னால் நிற்பது பெருக்கும், அவ்வளவுதான். ரோமன் படிப்பிக்கிற நேரத்தில் இதைப் படிப்பிக்கலாம்.

வவுனியாக்_கணக்கு:
படிப்பியுங்கோ, ஆர் வேண்டாம் என்றது? ஆனால் வினாத்தாளில் ‘பகுதி ஐஐ’ வருகிறதே. பாப்பரசர் லியோவின் பெயருக்குப் பின்னால் நிற்கிற எக்ஸ்ஐவியை எங்கட பெடியன் ஒருவன் ‘லியோ க்சிவ்’ என்று வாசித்தான். பதினான்காம் லியோ என்று வாசிக்கத் தெரிய வேண்டாமா?

மாங்குளம்_சந்தி:
சரி, எண் எழுதச் சொன்னால் ஐவி, ஒத்துக்கொள்கிறேன். மணிக்கூடு கீறச் சொன்னால் பிள்ளை கண்ணில் கண்டதைத்தானே கீறும்?

வவுனியாக்_கணக்கு:
ம்ம். படத்துக்குப் புள்ளி குடுத்திருக்கலாம்தான்.

இரணைமடுத்_தண்ணி:
மகளுக்கு எல்லாத்தையும் வாசித்துக் காட்டினேன். “அப்ப ரீச்சர் போட்டது புள்ளடி இல்லை அப்பா, பத்துப் புள்ளி” என்கிறாள்.