டார் ஹெடர் செக்சம்: லேப்டாப்பில் சரி, ராஸ்பெர்ரி பையில் தவறு (சி நிரல், உதவி தேவை)

கோப்புக்கட்டு கேட்டது:

வணக்கம். வெளி லைப்ரரி எதுவும் இல்லாமல் டார் ஆர்க்கைவை (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய ஃபைல்) எழுதவும் படிக்கவும் சி-யில் ஒரு சிறு நிரல் செய்கிறேன். வடிவம் யூஸ்டார்: ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் அதன் விவரங்கள் அடங்கிய 512 பைட் ஹெடர் ஒன்று வரும். லேப்டாப்பில் (64 பிட் இன்டெல், லினக்ஸ், ஜிசிசி) எழுதி, ராஸ்பெர்ரி பையில் (32 பிட் லினக்ஸ், ஜிசிசி) பிரிக்கிறேன். இரண்டிலும் ஒரே சோர்ஸ்தான் கம்பைல் ஆகிறது.

முதல் சிக்கல்: ஆங்கிலப் பெயருள்ள ஃபைல்கள் எல்லாம் ஒழுங்காகப் போகின்றன. "தமிழ்" என்று பெயர் வைத்த ஃபைலுக்கு மட்டும் பையில் என் நிரல் செக்சம் (ஹெடர் பைட்களின் கூட்டுத்தொகை) பொருந்தவில்லை என்கிறது. அதே ஆர்க்கைவை லேப்டாப்பில் என் நிரலே படித்துவிடுகிறது. குழப்பம் என்னவென்றால், இரண்டு மெஷினிலும் குனு டார் கட்டளை அதை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பிரிக்கிறது.

ஹெடரில் உள்ளவை இவை: மோட் (அனுமதிகள்) 0000644, யுஐடி, ஜிஐடி (உரிமையாளர், குழு எண்கள்) இரண்டும் 0001750, சைஸ் 00000002424, எம்டைம் (கடைசியாக மாற்றிய நேரம்) 14524770400, டைப் '0', மேஜிக் (வடிவத்தின் அடையாளம்) யூஸ்டார், வெர்ஷன் 00. யூனேம், ஜிநேம் உட்பட மற்றதெல்லாம் சுழியம். ஃபைலில் எழுதப்பட்டிருக்கும் செக்சம் 004076. பை கணக்கிடுவது 013476. கூட்டுவதற்கு முன் செக்சம் இடத்தில் எட்டு ஸ்பேஸ் நிரப்புகிறேன். ஹெடரை ஒரு சார் பாயின்டரால் 512 பைட்டும் கூட்டுகிறேன். இது எண்டியன் (பைட் வரிசை) பிரச்சினையா?

இரண்டாவது: ஒரு பழைய ஆர்க்கைவில் முதல் ஃபைல் 1300 பைட் இருக்க வேண்டும். என் நிரல் 2424 பைட் பிரிக்கிறது. 1300-க்குப் பிறகு குப்பை. அடுத்த ஹெடர் வர வேண்டிய இடத்தில் சாதாரண உரை வருகிறது. சைஸை ஸ்ட்ர்டோல் (எழுத்துகளை எண்ணாக மாற்றும் சி ஃபங்ஷன்) கொண்டு, பேஸ் 0 கொடுத்துப் படிக்கிறேன். குனு டார் எழுதிய எதிலும் இது நடக்கவில்லை.

---

எட்டின்மடி பதில்:

எண்டியன் இல்லை. டார் ஹெடரில் எண்கள் ஆக்டல் (எட்டின் அடி எண்முறை) எழுத்துகளாகத்தான் உட்கார்ந்திருக்கின்றன, பைட் வரிசைக்கு அங்கே வேலையே கிடையாது. உங்கள் இரண்டு மெஷினும் லிட்டில் எண்டியன் வேறு.

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது. ஆக்டல் 004076 என்பது 2110. 013476 என்பது 5950. வித்தியாசம் 3840, அதாவது 15 × 256. "தமிழ்" என்ற பெயர் யூடிஎஃப்-8-இல் எத்தனை பைட் என்று பாருங்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. அந்த 15 பைட்டும் 128-க்கு மேல்:

224 174 164 / 224 174 174 / 224 174 191 / 224 174 180 / 224 175 141

இவற்றை 0 முதல் 255 வரையிலான எண்களாகக் கூட்டினால் 2841. சார் என்பது சைன்டு (எதிர்மறை எண்களும் கொள்ளும் வகை) ஆக இருந்தால் 224 என்பது -32 ஆகிவிடும், 174 என்பது -82 ஆகிவிடும். பைட்டுக்கு 256 குறைந்து மொத்தம் -999. பெயரைத் தவிர மற்றவை (செக்சம் இடத்து எட்டு ஸ்பேஸுக்கான 256-ஐயும் சேர்த்து) 3109 வருகின்றன. 3109 + 2841 = 5950. 3109 - 999 = 2110. இரண்டு எண்ணும் அப்படியே வந்துவிட்டன.

வெறும் சார் சைன்டா, அன்சைன்டா என்பதை சி தரநிலை கம்பைலரிடமே விட்டுவிடுகிறது. இன்டெல் லினக்ஸில் ஜிசிசி அதை சைன்டு ஆக எடுக்கும், ஆர்ம் லினக்ஸில் அன்சைன்டு ஆக எடுக்கும். ஆங்கிலப் பெயர்களில் 127-க்கு மேல் பைட்டே வராது என்பதால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

தரநிலை கேட்பது அன்சைன்டு கூட்டுத்தொகை. ஆகவே பை சொல்வதுதான் சரி, லேப்டாப் எழுதுவது தவறு. கூட்டும் பாயின்டரை அன்சைன்டு சார் பாயின்டர் ஆக்குங்கள், தீர்ந்தது. ஜிசிசி-க்குக் கொடி கொடுத்து எல்லா சாரையும் அன்சைன்டு ஆக்கும் வழியும் உண்டு. ஆனால் அடுத்தவர் வேறு மேக்ஃபைலில் கம்பைல் செய்தால் பழைய கதைதான், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குனு டார் ஏன் பேசாமல் இருந்தது? சைன்டு ஆகக் கூட்டி எழுதிய பழைய டார் நிரல்கள் நிஜமாகவே இருந்தன. அவற்றுக்காகப் படிக்கும்போது அது இரண்டு விதமாகவும் கூட்டிப் பார்க்கும், ஒன்று பொருந்தினால் ஏற்கும். உங்கள் ரீடரிலும் அதையே செய்யுங்கள். ஏற்கெனவே நீங்கள் எழுதிவைத்த ஆர்க்கைவ்களுக்கே அது தேவைப்படும். எழுதும்போது மட்டும் அன்சைன்டு தவிர வேறு எதுவும் வேண்டாம்.

---

நினைவகம் பதில்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பேஸ் 0 என்றால், எண் சுழியத்தில் தொடங்கினால் ஆக்டல், இல்லையேல் டெசிமல். குனு டார் சுழியம் நிரப்பி 00000002424 என்று எழுதுவதால் உங்களுக்கு வேலை செய்தது. பழைய டார்கள் முன்னால் ஸ்பேஸ் நிரப்பும்: ஏழு ஸ்பேஸ், 2424, பிறகு ஒரு ஸ்பேஸ். ஸ்ட்ர்டோல் அந்த ஸ்பேஸ்களைத் தாண்டிப்போய் 2-ஐப் பார்த்ததும் டெசிமல் என்று முடிவுகட்டிவிடும். ஆக்டல் 2424 தான் உங்கள் 1300.

அந்தக் குப்பையை ஹெக்ஸ் டம்பில் (பைட்களை எண்களாகக் காட்டும் பட்டியல்) பாருங்கள். 1300-க்குப் பிறகு 236 சுழிய பைட்கள் இருக்கும் (1300-ஐ 1536 ஆக்கும் நிரப்பு), அடுத்து 512 பைட்டுக்கு இரண்டாவது ஃபைலின் ஹெடர், கடைசியில் இரண்டாவது ஃபைலின் முதல் 376 பைட். கூட்டினால் 2424. பிறகு உங்கள் நிரல் 2424-ஐ 2560 ஆக உயர்த்தி, 2048-இல் இருக்கும் ஹெடரைத் தேடி 3072-க்குப் போய்விடுகிறது. அங்கே இருப்பது இரண்டாவது ஃபைலின் உள்ளடக்கம், அதனால்தான் சாதாரண உரை.

பேஸ் 8 என்று மாற்றினால் இந்த ஆர்க்கைவ் சரியாகிவிடும். ஆனாலும் ஸ்ட்ர்டோலையே விட்டுவிடச் சொல்வேன். காரணம் இரண்டு. ஒன்று, 32 பிட் பையில் லாங் என்பது 32 பிட். சைஸ் இடத்தில் 11 ஆக்டல் இலக்கம், அதாவது 33 பிட் வரை வரும். இரண்டு, சில எழுதிகள் 12 பைட்டையும் இலக்கத்தாலேயே நிரப்பிவிடும், முடிவில் சுழியம் இருக்காது. அப்போது ஸ்ட்ர்டோல் நிற்காமல் பக்கத்து எம்டைமையும் சேர்த்து விழுங்கும்.

ஒரு சின்ன ஃபங்ஷன் நீங்களே எழுதுங்கள். பாயின்டரும் நீளமும் வாங்க வேண்டும். முன்னால் உள்ள ஸ்பேஸைத் தாண்டு. '0' முதல் '7' வரை வரும்வரை விடையை 8-ஆல் பெருக்கி இலக்கத்தைக் கூட்டு. ஸ்பேஸ், சுழிய பைட், நீளத்தின் முடிவு, மூன்றில் எது வந்தாலும் நிறுத்து. வேறு எழுத்து வந்தால் பிழை. விடை 64 பிட் அன்சைன்டு.

அதிலேயே இன்னொரு கிளை வையுங்கள். முதல் பைட் 128 என்றால் அது ஆக்டல் இல்லை, குனுவின் பைனரி வடிவம். 11 ஆக்டல் இலக்கத்தில் அடங்கும் உச்சம் 8589934591, 8 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அதைத் தாண்டிய ஃபைலுக்கு மீதி 11 பைட்டில் பெரிய பைட் முதலில் வரும்படி எண் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றாக 256-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் எந்த மெஷினிலும் சரியான விடைதான் வரும். 64 பிட்டைத் தாண்டினால் மறுத்துவிடுங்கள்.

பழைய ஆர்க்கைவில் மேஜிக் காலியாக இருந்தாலும் தள்ளிவிடாதீர்கள். யூஸ்டார் அடையாளம் 1988-இன் போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான) தரநிலையோடுதான் வந்தது. அதற்கு முந்தைய வடிவத்தில் ஹெடர் என்று உறுதிசெய்ய செக்சம் மட்டுமே உண்டு. குனுவின் பழைய வடிவத்திலோ மேஜிக்கும் வெர்ஷனும் சேர்ந்த 8 பைட்டில் யூஸ்டார் என்ற ஐந்து எழுத்து, இரண்டு ஸ்பேஸ், ஒரு சுழியம் இருக்கும். முதல் ஐந்து எழுத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு பிரிஃபிக்ஸை (பாதையின் முன்பகுதிக்கான இடம்) படித்தால் தவறாகிவிடும். அந்த வடிவம் அதே இடத்தை வேறு விவரங்களுக்குப் பயன்படுத்துகிறது.

---

கோப்புக்கட்டு:

மிக்க நன்றி. இரண்டும் சரியாகிவிட்டன. டம்பில் 236 சுழியமும் அதன் பின் ஹெடரும் நீங்கள் சொன்னபடியே இருந்தன.

இன்னும் இரண்டு. நான் எழுதும் ஆர்க்கைவைப் பிரித்து முடித்ததும், தனியாக ஒரு சுழிய பிளாக் (512 பைட்) இருப்பதாக டார் எச்சரிக்கிறது. அடுத்து, நீளமான தமிழ்ப் பெயர்கள் 33 எழுத்துக்குறிகளோடு வெட்டுப்படுகின்றன, கடைசியில் ஒரு கேள்விக்குறிப் பெட்டி வருகிறது.

---

வெற்றுபிளாக் பதில்:

எச்சரிக்கை எளிது. ஆர்க்கைவின் முடிவு என்பது இரண்டு சுழிய பிளாக்குகள், 1024 பைட். நீங்கள் ஒன்றுதான் எழுதுகிறீர்கள். குனு டார் அதற்கு மேலும் நிரப்பி மொத்தத்தை 10240-இன் மடங்காக்கும் (20 பிளாக் ஒரு ரெக்கார்டு). சாதாரண ஃபைலுக்கு அது கட்டாயமில்லை. படிக்கும்போது இரண்டாவது சுழிய பிளாக்கோடு நின்றுவிடுங்கள், அதன் பின் என்ன இருந்தாலும் கவலை வேண்டாம்.

பெயர் விஷயம் கொஞ்சம் நீளம். பெயர் இடம் 100 பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் என்றால் 33-க்கு 99, மீதி ஒரு பைட்டில் அடுத்த குறியீட்டின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அதுதான் அந்தப் பெட்டி. வெட்டியே ஆக வேண்டுமென்றால் வெட்டும் இடத்தில் 128 முதல் 191 வரையுள்ள பைட் இருக்கும்வரை பின்னால் வாருங்கள். குறியீட்டின் நடுவில் வெட்டு விழாது.

வெட்டாமல் இருக்க முதல் வழி பிரிஃபிக்ஸ். சுழியத்திலிருந்து எண்ணினால் 345-ஆவது பைட்டிலிருந்து 155 பைட். பாதையை ஒரு சாய்கோட்டில் பிரித்து இடப்பக்கத்தை பிரிஃபிக்ஸிலும் வலப்பக்கத்தை பெயரிலும் வையுங்கள். அந்தச் சாய்கோட்டை எங்கும் எழுத வேண்டாம், படிப்பவர் சேர்த்துக்கொள்வார். சாய்கோடு இல்லாத ஒற்றைப் பெயரே 100 பைட்டைத் தாண்டினால் இந்த வழி உதவாது.

அப்போது பாக்ஸ் ஹெடர், போசிக்ஸ் 2001-இல் வந்தது. உண்மையான ஹெடருக்கு முன்னால், டைப் சிறிய 'எக்ஸ்' எழுத்தாக இன்னொரு ஹெடர். அதன் தரவில் ஒரு வரி: நீளம், ஸ்பேஸ், பாத் என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, முழுப் பாதை, புதுவரி. எல்லோரும் தடுக்குவது நீளத்தில்தான். அது தன் சொந்த இலக்கங்களையும் சேர்த்த நீளம். 34 குறியீடுள்ள பெயர் 102 பைட், ஸ்பேஸ், பாத், சமக்குறி, புதுவரிக்கு 7, நீள எண்ணுக்கு 3, ஆக 112. எக்ஸ் ஹெடரின் சைஸ் ஆக்டலில் 160, தரவு ஒரு முழு பிளாக்காக நிரப்பப்படும். இலக்க எண்ணிக்கை மாறும் விளிம்பில் கவனம்: மீதி 997 பைட் என்றால் 3 சேர்த்து 1000, அது நான்கு இலக்கம், ஆகவே எழுத வேண்டியது 1001. விடை மாறாமல் நிற்கும்வரை திரும்பக் கணக்கிடுங்கள்.

பழைய குனு ஆர்க்கைவ்களில் பாக்ஸுக்குப் பதிலாகப் பெரிய 'எல்' டைப் வரும். அதன் தரவு முழுவதும் பெயர்தான், சுழியத்தில் முடியும். படிக்க மட்டும் தெரிந்திருந்தால் போதும், புதிதாக எழுத பாக்ஸே நல்லது.

---

எட்டின்மடி:

எழுதும் பக்கத்தில் சில இடங்களைச் சரிபாருங்கள். பெயர் சரியாக 100 பைட் இருக்கலாம், அப்போது முடிவுச் சுழியத்துக்கு இடமே இல்லை. எஸ்என்பிரின்ட்எஃப்-க்கு (உரையை எழுதி முடிவில் சுழியம் வைக்கும் சி ஃபங்ஷன்) 100 கொடுத்தால் கடைசி பைட்டைத் தின்றுவிட்டு அங்கே சுழியம் வைக்கும். நீளம் பார்த்து மெம்காப்பி (பைட்களை அப்படியே நகலெடுப்பது) செய்யுங்கள். வெர்ஷனும் அப்படித்தான்: இரண்டு பைட், இரண்டும் '0' எழுத்து. எஸ்என்பிரின்ட்எஃப்-க்கு 2 கொடுத்தால் ஒரு '0'-தான் போகும்.

செக்சத்தை எழுதும்போது எட்டு ஸ்பேஸ் நிரப்பி, கூட்டி, பிறகு சுழியம் நிரப்பிய ஆறு இலக்க ஆக்டலாக அதே இடத்தில் எஸ்என்பிரின்ட்எஃப் செய்தால் ஏழாவது பைட் சுழியமாகும், எட்டாவதில் ஏற்கெனவே நிரப்பிய ஸ்பேஸ் நின்றுகொள்ளும். தரமான டார்கள் எழுதும் உருவம் அதுவே. மோடை 07777 கொண்டு மறைத்து எழுதுங்கள், ஃபைல் வகை பிட்கள் அங்கே வேண்டாம்.

ஸ்ட்ரக்ட் முழுவதும் சார் வரிசைகளாக இருந்தால் இடையில் பேடிங் (கம்பைலர் சேர்க்கும் வெற்று பைட்கள்) வராது. இருந்தாலும் அளவு 512 என்று ஸ்டேட்டிக் அஸர்ட் (கம்பைல் செய்யும்போதே நடக்கும் சோதனை) ஒன்று போடுங்கள், கடைசி 12 பைட் நிரப்பை மறந்தால் உடனே பிடித்துவிடும்.

---

நினைவகம்:

ஒன்று விட்டுப்போயிற்று. பையில் 2 ஜிபியைத் தாண்டிய ஆர்க்கைவில் எஃப்சீக் (ஃபைலுக்குள் வேறு இடத்துக்குத் தாவும் ஃபங்ஷன்) தோற்கும், அதே 32 பிட் லாங்தான் காரணம். எஃப்சீக்கோ பயன்படுத்தி, ஆஃப்செட்டை 64 பிட் ஆக்கும் மேக்ரோவை எல்லா ஹெடர் இன்க்ளூடுக்கும் முன்னால் வையுங்கள். பைப் வழியாக வரும் ஆர்க்கைவில் எந்த சீக்கும் ஓடாது, அங்கே படித்துப் படித்துத்தான் கடக்க வேண்டும்.

பிரிக்கும்போது, சாய்கோட்டில் தொடங்கும் பெயரையும் பாதையின் ஏதாவது ஒரு பகுதி இரட்டைப் புள்ளியாக ("..", மேல் ஃபோல்டர்) இருக்கும் பெயரையும் மறுத்துவிடுங்கள். பிரிஃபிக்ஸையும் பாக்ஸ் பாதையையும் சேர்த்த பிறகே இந்தச் சோதனை. பெயர் இடத்தை மட்டும் பார்த்தால் பிரிஃபிக்ஸில் ஒளிந்திருக்கும் இரட்டைப் புள்ளி தப்பிவிடும். சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் ஃபைல்) ஒன்றைப் பிரித்துவிட்டு அதன் வழியாகவே அடுத்த ஃபைலை வெளியே எழுதவைக்கும் ஆர்க்கைவும் உண்டு. அதனால் சிம்லிங்குகளைக் கடைசிவரை தள்ளிவைத்து, மற்றதெல்லாம் எழுதி முடிந்த பின் உருவாக்குங்கள்.