பென் டிரைவ் காலி, ஆனாலும் இடமில்லை என்கிறது. அவசரம்!

குண்டாறு வாசி: பழைய லேப்டாப்பில் இருப்பதைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். போட்டோ, பத்திர ஸ்கேன், தோட்டக் கணக்கு எல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு வீடியோ மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பென் டிரைவ் சுத்தமாகக் காலி, ஆனாலும் இடம் போதாது என்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருகிறார்கள், டிவியில் போட்டுக் காட்ட வேண்டும். உடனே சொல்லுங்கள்.

மேக்கரை மழை: எந்த விண்டோஸ்? பென் டிரைவ் எத்தனை ஜிபி? வீடியோ எத்தனை?

இலஞ்சி டிடிபி: டூப்ளிகேட் பென் டிரைவ், சந்தேகமே வேண்டாம். மேலே 32 என்று போட்டிருக்கும், உள்ளே 4 கூட இருக்காது. திருவிழாக் கடையில் வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன்.

பழைய மானிட்டர்: இதற்கு நூறு தடவை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டுப் புது கம்ப்யூட்டரில் சொருகுங்கள், ஐந்து நிமிட வேலை.

மேக்கரை மழை: டிஸ்க்கின் இணைப்பு பழைய வகை ஐடிஇயா, புது வகை சாட்டாவா என்று கேட்காமலா சார்? பழையதில் 44 பின் இருந்தால் சாட்டா கேஸில் நுழையாதே.

குண்டாறு வாசி: எக்ஸ்பி. பென் டிரைவ் 32. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ, கேசட்டில் இருந்து ஏற்றியது, 11 ஜிபி. இதெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

இலஞ்சி டிடிபி: அப்படியானால் 64 வாங்கிவிடுங்கள். பார்டரில் ஒரு மொபைல் கடை இருக்கிறது.

ஆரியங்காவு ரயில்: எந்த பார்டர், புளியரையா?

இலஞ்சி டிடிபி: பிரானூர் பார்டர்.

ஆரியங்காவு ரயில்: அங்கே எல்லையே இல்லையே! பரோட்டா தின்னத்தானே போவார்கள்?

இலஞ்சி டிடிபி: 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம். அப்புறம் எல்லை மலைக்குப் போய்விட்டது, பேர் மட்டும் பரோட்டாக் கல் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

ஆரியங்காவு ரயில்: கோழி உங்கள் பக்கம், சரி. பொறோட்டா எங்கள் பக்கம்தான் அண்ணாச்சி.

மேக்கரை மழை: பரோட்டாவை அப்புறம் பிய்க்கலாம். தம்பி, 64 வாங்காதீர்கள். பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் வரும், தனி அப்டேட் போடாத எக்ஸ்பிக்கு அது புரியாது. உங்கள் 32 ஜிபி அனேகமாக ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதைச் சொல்லத் தெரியாமல்தான் எக்ஸ்பி இடமில்லை என்கிறது. பென் டிரைவைப் புது கம்ப்யூட்டரில் சொருகி, ரைட் கிளிக், ஃபார்மட், என்டிஎஃப்எஸ். எக்ஸ்பிக்கும் அது தெரியும். காப்பி மட்டும் கொடுங்கள், கட் வேண்டவே வேண்டாம். முடிந்ததும் வெடுக்கென்று பிடுங்காமல் சேஃப்லி ரிமூவ் கொடுத்து எடுங்கள்.

பழைய மானிட்டர்: நான் சொன்ன வழியில் ஃபார்மட்டே தேவையில்லை.

இலஞ்சி டிடிபி: ஐடிஇ கேஸ் இப்போது எந்தக் கடையில் இருக்கிறது, சொல்லுங்கள்?

பழைய மானிட்டர்: தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும்.

குண்டாறு வாசி: ஏறிவிட்டது. மழை அண்ணனுக்கு நன்றி. புது கம்ப்யூட்டரில் நாதஸ்வரம் கேட்கிறது, படம் வரவில்லை. அதற்குத் தனி இழை போடுகிறேன்.

மேக்கரை மழை: எந்த பிளேயரில் திறந்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.