தேங்காய் உரிக்கும் கருவி: கண்காட்சியில வைக்கறதுக்கு முன்னாடி காப்புரிமை வேணுமா?

லேத்பட்டறை_பொள்ளாச்சி:
வணக்கமுங்க. கடப்பாரையில தேங்காய் உரிக்கற ஆளுங்க கை கிழியறதைப் பார்த்துப் பார்த்து, காலால மிதிச்சா மட்டை பிளக்கற மாதிரி ஒரு கருவி செஞ்சிருக்கேன். மூணாவது தடவைதான் தாடை சரியா அமைஞ்சது. அடுத்த மாசம் விவசாயக் கண்காட்சியில வைக்கச் சொல்றாங்க. யாராச்சும் பார்த்துட்டுப் போய் செஞ்சுருவாங்களோன்னு பயமா இருக்குங்க. யோசனைக்குக் காப்புரிமை கிடைக்குமா?

விதைப்பான்:
தம்பி, விண்ணப்பம் போடாம வெளியே எடுக்காதீங்க. நான் வரிசை விதைப்புக் கருவி செஞ்சு, காட்டுல ஓட்டின சந்தோஷத்துல யூடியூப்ல போட்டேன். ஏழு மாசம் கழிச்சுத்தான் விண்ணப்பிச்சேன். காப்புரிமை அலுவலகத்தோட ஆய்வு அறிக்கையில 'ஏற்கெனவே வெளியானது'ன்னு காட்டியிருந்தது என் வீடியோவையே. கருவியைப் பிடிச்சிருக்கறது என் கை, பேசறது என் குரல். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை.

வெறும் யோசனைக்குக் கிடைக்காது. 'காலால மிதிச்சு உரிக்கலாம்'ங்கறது யோசனை. மிதிக்கற விசை தாடைக்கு எப்படிப் போகுது, ஓடு உடையாம மட்டை மட்டும் எப்படி விரியுது, அதை எழுதுங்க. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தோட 'கேரமித்ரா' நெம்புகோல் கருவி முன்னாடியே இருக்கு. அதுல இருந்து உங்களது எங்கே மாறுதுன்னு தெளிவாச் சொல்லணும்.

முழுசா எழுத நேரமில்லைன்னா முதல்ல தற்காலிக விவரக்குறிப்பு (கருவியைப் பத்தின முதல்கட்ட எழுத்து விவரம்) போடுங்க. அந்தத் தேதியே உங்க விண்ணப்பத் தேதியா நின்னுரும். 12 மாசத்துக்குள்ள முழு விவரக்குறிப்பு தரணும், தவறினா விண்ணப்பமே கைவிட்டதாயிரும். தனிநபர் ஆன்லைன்ல போட்டா ஆரம்பக் கட்டணம் 1,600 ரூபாய். காப்புரிமை கிடைச்சா விண்ணப்பத் தேதியில இருந்து 20 வருஷம், வருஷாவருஷம் புதுப்பிக்கற கட்டணம் தனி.

கிண்டிக்காரன்:
கண்காட்சிக்குச் சட்டத்துல சலுகை இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. 1970 காப்புரிமைச் சட்டத்தோட 31வது பிரிவு, மத்திய அரசு அரசிதழ்ல அறிவிச்ச கண்காட்சிக்குத்தான். சாதாரண ஸ்டாலுக்கு அதை நம்பிப் போகாதீங்க. கருவியோட தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு தனியா உண்டு: 10 வருஷம், அப்புறம் 5 வருஷம் நீட்டிக்கலாம். ஆனா அது வேலை செய்யற விதத்தைக் காப்பாத்தாது.

லேத்பட்டறை_பொள்ளாச்சி:
ரொம்ப நன்றிங்கண்ணா. போன மாசம் பக்கத்துத் தோப்புல நாலு பேர் முன்னாடி ஓட்டிப் பார்த்தேன். அதுவும் வெளியிட்டதாயிருமா?

கிண்டிக்காரன்:
சோதனைக்காக மட்டும்தானே ஓட்டினீங்க? வெளியில ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்ங்கற கருவின்னா ஓட்டினதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்க 32வது பிரிவு இடம் தருது. போட்டோ, வீடியோ யாராச்சும் எடுத்தாங்களான்னு இன்னிக்கே கேளுங்க. விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுருங்க.