குதிரையோடு உங்கள் அனுபவம்: வாத்தியார் வேறு, வைத்தியர் வேறு

அஸ்தம்பட்டி வாத்தியார்:
கால்நடை உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆராய்ச்சி முழுக்கக் குதிரையைப் பற்றித்தான். ஆனால் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை 'மாட்டு டாக்டர்'. பேருக்கு முன்னால் டாக்டர் இருக்கிறது, ஊசி பிடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ஏற்காட்டில்.

மே மாதம், கோடை விழாக் கூட்டம். ஏரிக்குப் பக்கத்தில் சவாரிக்கு விடும் மட்டக்குதிரை ஒன்று முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தது. சவாரி வந்தவர்கள் ஆசை ஆசையாய்க் கொடுத்த பன்னும் மக்காச்சோளமும் காலையிலிருந்து உள்ளே போயிருக்கின்றன. கூட வந்த மைத்துனர் சும்மா இருக்காமல், "இவர் குதிரை டாக்டருங்க" என்று சொல்லிவிட்டார்.

தாடைக்கு அடியில் நாடி பார்த்தேன். நிமிடத்துக்கு 60ஐத் தாண்டி அடித்தது. சும்மா நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருந்தால் சரி. குதிரைக்காரரிடம் விளக்க ஆரம்பித்தேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துத் தசை அவ்வளவு இறுக்கம். பெரிய குதிரைக்கே இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான். உள்ளே புளித்துப் பொங்கினால் மேலே வர வழி கிடையாது, வெடித்தே போகலாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க சார், இப்ப என்ன பண்றது?" என்றார்.

தீவனத்தை நிறுத்தி, மெதுவாக நடத்தச் சொன்னேன். சேலத்தில் வைத்தியம் பார்க்கும் என் பழைய மாணவருக்குப் போன் போட்டேன். அவர் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் குதிரைக்காரர் அதன் விலாவில் காதை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். "வயிறு பேசவே மாட்டேங்குது சார்." குடல் சத்தம் கேட்பதற்கென்று ஒரு செய்முறை வகுப்பே நடத்தியிருக்கிறேன், ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. மாணவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார். புளித்த நாற்றத்தோடு கொட்டியது. நான் வாளி பிடித்தேன். ராத்திரி பத்து மணிக்கு லத்தி போட்டது. அதைப் பார்த்து மூன்று ஆண்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

இது மாதிரி உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஆத்தூர்க்காரன்:
எங்களிடம் குதிரை கிடையாதுங்க. ஆனால் எங்கள் அப்பாவைக் கட்டுவிரியன் கடித்தபோது ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்து குதிரை ரத்தத்தில் இருந்து வந்தது என்று அங்கே ஒரு நர்ஸ் சொன்னார். நிஜமா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
நிஜம்தான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறு சிறு அளவாகக் கொடுத்துப் பழக்குவார்கள். அதன் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்ததுதான் உங்கள் அப்பாவுக்கு ஏறியது.

பனமரத்துப்பட்டி பொண்ணு:
ஐயா, நான் முதுநிலையில் உங்கள் பாடம்தான். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ரத்த மாதிரி எடுக்கப் போனோம். ஒரு பக்கம் பேண்டு வாத்தியம், ஒரு பக்கம் குதிரைகளை நடக்க விட்டுக் காட்டுகிறார்கள், வாங்க வந்தவர்கள் சுழி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "ரத்தம் எடுத்தா ஓட்டம் கொறஞ்சிரும்" என்று பாதிப் பேர் விரட்டிவிட்டார்கள். கடைசியில் ஒரு பெரியவர் மட்டும் ஒத்துக்கொண்டார்.

எடுத்துப் பார்த்தால் சிவப்பணுக்களின் பங்கு 100க்கு 50க்கு மேல் காட்டியது. நிம்மதியாக நிற்கும் குதிரைக்கு 40ஐ ஒட்டி இருக்க வேண்டியது. கருவி கெட்டுவிட்டது என்று மாதிரியை மூன்று தடவை சுழற்றிப் பார்த்தோம். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, மண்ணீரல்! குதிரை தன் மண்ணீரலில் சிவப்பணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும். மிரண்டாலோ ஓடினாலோ அது சுருங்கி மொத்தத்தையும் ரத்தத்தில் இறக்கிவிடும். முழு வேகத்தில் ஓடும்போது 60ஐயும் தாண்டும். பரீட்சையில் இதற்கு ஐந்து மார்க் வாங்கியவள்தான் நான்.

பெரியவரிடம் தயங்கித் தயங்கி, "நாளைக்கும் எடுக்கணும்ங்க" என்றேன். அவர் திட்டவில்லை. "அது பயந்துக்கிச்சு கண்ணு. விடியறதுக்கு முன்னால வா, தனியா வா. நான் கொள்ளு காட்டிட்டு நிக்கறேன்" என்றார். போனேன். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார், ஊசி இறங்கியது அதற்குத் தெரியவே இல்லை. அளவு 40க்குக் கீழ். அதன் பிறகு எல்லா மாதிரியும் விடியற்காலையில்தான். தூக்கம் போனதுதான் மிச்சம்.

ஓமலூர் அம்மா:
என் மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள், விலங்குகள் என்றால் உயிர். இந்தப் படிப்புக்கு நீட் வேண்டுமா? குதிரை படித்தால் வேலை கிடைக்குமா?

பனமரத்துப்பட்டி பொண்ணு:
அக்கா, கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாவது மார்க்தான், நீட் தேவையில்லை. நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் கல்லூரி இருக்கிறது. குதிரைக்கென்று தனிப் பட்டப்படிப்பு கிடையாது. ஐந்தரை வருஷம் ஆடு, மாடு, கோழி, நாய் எல்லாம் படித்துவிட்டு, மேற்படிப்பில்தான் பிரிய முடியும். குதிரைக்கென்றே இருக்கும் மத்திய ஆராய்ச்சி மையம் ஹரியானாவில், ஹிசாரில். வேலை கம்மிதான், மறைக்கவில்லை. முதலில் அவளை ஒரு லாயத்துக்குக் கூட்டிப் போய், ஒரு மணி நேரம் லத்தி அள்ள விடுங்கள்.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
பனமரத்துப்பட்டி பாப்பா எழுதியதைப் படித்துவிட்டுப் பரணில் இருந்து என் பழைய ஆய்வேட்டை இறக்கினேன். 'ஓய்வு நிலை அளவுகள்' என்று ஓர் அட்டவணை. சிவப்பணுக்களின் பங்கு எல்லாமே நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு. அப்போது இனம் அப்படி, தட்பவெப்பம் அப்படி என்று இரண்டு பக்கத்துக்குக் காரணம் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்குக் குதிரையின் காதை ஒருவர், கயிற்றை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். வாலருகே நின்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பாப்பா, உன் விடியற்காலை அளவுகளை எனக்கு அனுப்பி வை.